இரவுக்கு எழுதும் கணக்கு



இன்றைய பேச்சின் பொருள் ஒரு வீடு. அஸ்திவாரம் இல்லாத வீடு. சக்கரத்தின் மேல் நிற்கும் வீடு. அமெரிக்காவில் அதை ஆர்.வி. என்பார்கள். கட்டில் உண்டு, அடுப்பு உண்டு, குளியலறை உண்டு, ஃபிரிட்ஜ் உண்டு. அந்த வண்டியை மின்கம்பமும் தண்ணீர்க் குழாயும் இல்லாத பாலைவனத்தில் நிறுத்திவிட்டு மாதக்கணக்கில் குடியிருப்பவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்களுக்கு மின்சாரம் எங்கிருந்து வருகிறது? கூரையில் சோலார் பேனல், கட்டிலுக்கு அடியில் பேட்டரி. அவ்வளவுதானே என்று தோன்றும். பொருள் அவ்வளவுதான். கணக்குதான் அவ்வளவு எளிதில் பிடிபடுவதில்லை.

அரிசோனா மாநிலத்தில் குவார்ட்ஸைட் என்று ஒரு சிற்றூர். நிரந்தரமாகக் குடியிருப்போர் இரண்டாயிரத்துச் சொச்சம் பேர். குளிர்காலம் வந்துவிட்டால் ஊரைச் சுற்றியுள்ள பாலைவனம் முழுக்க வண்டிகள் முளைத்துவிடும். வடக்கே பனியில் உறையும் மாநிலங்களிலிருந்தும் கனடாவிலிருந்தும் ஓய்வு பெற்றவர்கள் வந்து இறங்குவார்கள். ஊருக்குத் தெற்கே லா போசா என்னும் இடத்தில் மட்டும் 11,400 ஏக்கர் அரசு நிலம் இவர்களுக்காகத் திறந்திருக்கிறது. கூட்டாட்சி அரசின் நில மேலாண்மைத் துறை 1983இல் தொடங்கிய ஏற்பாடு இது. அனுமதிச் சீட்டு வாங்கினால் செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை தங்கலாம். குப்பை போட இடம் உண்டு, கழிவுநீர் இறக்க இடம் உண்டு. மின்சாரம் மட்டும் அவரவர் பாடு.

இந்த ஊருக்கு இன்னொரு பெருமையும் உண்டு. 1850களில் அமெரிக்க ராணுவம் பாலைவனத்தில் சுமை தூக்க ஒட்டகங்களைக் கப்பலில் வரவழைத்தது. அவற்றோடு வந்த ஹாஜி அலி என்ற ஒட்டகக்காரர் இந்த ஊரிலேயே 1902இல் இறந்தார். அவர் சமாதியின் மேல் கல்லால் கட்டிய சிறு பிரமிடும் உச்சியில் ஓர் ஒட்டக உருவமும் இன்றும் நிற்கின்றன. தண்ணீரில்லாமல் நாள் கடத்தத் தெரிந்த பிராணி ஊருக்கே சின்னமானது பொருத்தம்தான்!

பாலைவனம் என்றதும் என்ன நினைக்கிறோம்? வெயில், வெயில், மேலும் வெயில். இவ்வளவு வெயில் இருக்கும் இடத்தில் சோலாருக்கு என்ன குறை? இங்கேதான் முதல் தடுமாற்றம். வண்டிகள் அங்கே வருவது டிசம்பரிலும் ஜனவரியிலும். ஜனவரித் தொடக்கத்தில் குவார்ட்ஸைட்டில் பகல் ஏறத்தாழ பத்து மணி நேரம், இரவு பதினான்கு மணி நேரம். அந்தப் பத்திலும் காலையில் ஒரு மணி நேரமும் மாலையில் ஒரு மணி நேரமும் சாய்ந்த வெயில்; பேனலுக்கு அதனால் பெரிய பயன் இல்லை. அந்த ஊர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 33 பாகைக்கு மேல் இருக்கிறது. டிசம்பர் உச்சிவேளையில்கூடச் சூரியன் அடிவானத்திலிருந்து ஏறத்தாழ 33 பாகை உயரத்தில்தான் நிற்கும். அதாவது நம் ஊரில் காலை எட்டரை மணி வெயில் விழுகிற சாய்வில், அங்கே நண்பகல் வெயில் விழுகிறது. கூரையில் படுக்கை வாட்டில் ஒட்டிவைத்த பேனலுக்கு நேர்க்கதிரில் பாதிக்குச் சற்று மேல்தான் கிடைக்கும்.

ஆகவே வண்டிக்காரர் எழுத வேண்டியது பகலின் கணக்கா, இரவின் கணக்கா? இரவின் கணக்குதான். ஆண்டிலேயே நீளமான, ஆண்டிலேயே குளிரான இரவின் கணக்கு.

எழுதிப் பார்ப்போம். கணவனும் மனைவியும் தங்கும் ஒரு நடுத்தர டிரெய்லர். ஜனவரி மாதம், பொழுது சாய்ந்து மறுநாள் வெயில் ஏறும்வரை என்னென்ன ஓடும்? பாலைவனத்தில் பகல் இதமாக இருந்தாலும் இரவில் வெப்பநிலை நாலைந்து டிகிரிக்கு இறங்கிவிடும். எனவே ஹீட்டர் வேண்டும். ஹீட்டர் எரிவது கேஸில்; ஆனால் சூட்டை அறைக்குள் தள்ளும் விசிறி ஓடுவது பேட்டரியில். அது 8 ஆம்பியர் இழுக்கும். விட்டு விட்டு ஐந்து மணி நேரம் ஓடினால் 40 ஆம்பியர் மணி. 12 வோல்ட்டில் ஓடும் கம்ப்ரசர் ஃபிரிட்ஜ் இரவுக்கு 25. செயற்கைக்கோள் இணையம் இப்போது பல வண்டிகளில் நுழைந்துவிட்டது. 60 வாட் என்று வைத்தால் 5 ஆம்பியர். ஐந்து மணி நேரத்துக்கு 25. டி.வி.யும் லேப்டாப்பும் 15. விளக்குகள் 8. தண்ணீர் மோட்டார் 1. கேஸ் கசிந்தால் கத்தும் கருவி முதலான சின்னச் சின்ன உருப்படிகள் எல்லாம் சேர்ந்து 7. கூட்டுங்கள். 121.

இப்போது வண்டியோடு கம்பெனி கொடுத்த பேட்டரியைப் பாருங்கள். பெரும்பாலும் ஒரே ஒரு ஈய அமில பேட்டரி, 100 ஆம்பியர் மணி. அதிலும் பாதிக்கு மேல் உறிஞ்சினால் அதன் ஆயுள் குறையும். ஆக, நம்பி எடுக்கக்கூடியது 50. தேவை 121. படுத்துத் தூங்கியவர் நள்ளிரவில் ஹீட்டர் விசிறி முனகி நிற்கும் சத்தத்தில், இல்லை, சத்தமில்லாமையில் எழுந்துகொள்வார்.

100 என்று அச்சடித்திருக்கிறதே, அந்த எண்ணாவது உண்மையா? நம் வீட்டு இன்வெர்ட்டரின் டியூபுலர் பேட்டரியைப் போய்ப் பாருங்கள். ஏ.எச்., அதாவது ஆம்பியர் மணி, என்ற எழுத்துக்குப் பக்கத்தில் சி10 என்றோ சி20 என்றோ போட்டிருக்கும். பத்து மணி நேரத்திலோ இருபது மணி நேரத்திலோ மெல்ல மெல்ல எடுத்தால்தான் இவ்வளவு தருவேன் என்று அந்த பேட்டரி எழுதிக் கொடுத்த ஒப்பந்தம் அது. அவசரப்பட்டு ஒரே மணி நேரத்தில் எடுக்கப் பார்த்தால் அந்த 100 கிடைக்காது, வெகுவாகக் குறைந்துவிடும். 1897இலேயே பாய்க்கர்ட் என்ற ஜெர்மானிய அறிஞர் இதைச் சூத்திரமாக எழுதிவிட்டார். பேட்டரியின் பக்கவாட்டில் உள்ள அந்தச் சின்ன எழுத்தைப் படித்துவிட்டுப் பணம் கொடுப்பவர் நம்மில் எத்தனை பேர்?

ஈய பேட்டரிக்கு இன்னொரு குணம் உண்டு. அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லத்தான் வேண்டும். 80 விழுக்காடு வரை அது மளமளவென்று நிரம்பும். கடைசி 20 விழுக்காட்டை நிரப்ப மணிக்கணக்கில் ஆகும். வீட்டில் அது பிரச்சினையே இல்லை. கரண்ட் வந்தபின் ராத்திரி பூராவும் நிரம்பிக்கொண்டிருக்கும். பாலைவனத்தில்? நிரம்பத் தொடங்கிய நேரத்தில் வெயில் சாய்ந்துவிடும். மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும் அப்படியே. முழுதாக நிரம்பாத ஈயத் தகடுகளில் சல்ஃபேட் படிந்து இறுகும், இறுகியது கரையாது. இரண்டு குளிர்காலத்தில் பேட்டரி செத்துவிட்டது, மட்டமான சரக்கு என்று கடைக்காரரைத் திட்டுபவர்கள் உண்டு. பல நேரம் அதைக் கொன்றது ஜனவரி மாதத்துக் குட்டைப் பகல்.

இந்தத் தலைவலியைத் தீர்த்தது எது? லித்தியம் இரும்பு பாஸ்பேட். அரைகுறையாக நிரம்பிக் கிடந்தாலும் இந்த பேட்டரிக்குக் கேடில்லை. ஆயிரக்கணக்கான முறை நிரப்பலாம், காலி செய்யலாம். அச்சடித்த 100இல் 80, 90ஐத் தாராளமாக எடுக்கலாம். எடையும் ஈயத்தில் பாதிகூட வராது.

பெரியோர்களே, இந்த பேட்டரியின் கதையில் நம் ஆட்களுக்குப் பெரிய பங்கு இருக்கிறது. 1980களில் டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் குட்இனஃப் என்ற அறிஞரோடு ஆறுமுகம் மந்திரம் பணியாற்றினார். தமிழ்நாட்டில் பிறந்து, ஐ.ஐ.டி. மெட்ராஸில் முனைவர் பட்டம் பெற்று, மதுரை காமராஜர் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தியவர். வெறும் ஆக்சைடுக்குப் பதிலாக சல்ஃபேட் போன்ற சேர்மத் தொகுதிகளை வைத்தால், மலிவான இரும்பைக் கொண்டே கூடுதல் வோல்ட் கிடைக்கும் என்று இருவரும் காட்டினார்கள். அந்த வழியிலேயே நடந்து, 1997இல் குட்இனஃப் குழுவில் அக்ஷய பாதியும் நஞ்சுண்டசாமியும் இரும்பு பாஸ்பேட்டை ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார்கள். குட்இனஃப்புக்கு 2019இல் நோபல் பரிசு கிடைத்தபோது அவருக்கு வயது 97. ஸ்டாக்ஹோமில் அவர் சார்பில் நோபல் உரையை வாசித்தவர் மந்திரம்தான்.

அந்த பாஸ்பேட்டால் இன்னொரு நன்மை. அது ஆக்சிஜனை இறுகப் பிடித்துக்கொள்கிறது. சூடேறினாலும் எளிதில் விடுவதில்லை. தீ பிடித்து எரிய ஆக்சிஜன் வேண்டுமே! தூங்கும் கட்டிலுக்கு அடியில் இருபது, முப்பது கிலோ பேட்டரியை வைத்துக்கொண்டு நிம்மதியாகக் கண்ணயர முடிவது இந்த வேதியியலால்தான். பத்தாண்டுக்கு முன் இந்த வகையில் 100 ஆம்பியர் மணி பேட்டரி ஒன்று ஆயிரம் டாலரை ஒட்டி விற்றது. சீனத் தொழிற்சாலைகள் களத்தில் இறங்கிய பிறகு இன்று முந்நூறு டாலருக்கும் கீழே கிடைக்கிறது. கூரைப் பேனலைத்தான் எல்லோரும் புகைப்படம் எடுக்கிறார்கள். பாலைவன வாழ்க்கையை மாற்றியது கட்டிலுக்கு அடியில் கண்ணில் படாமல் கிடக்கும் பெட்டி.

குறையே இல்லையா? உண்டு. உறைநிலைக்குக் கீழே இதை சார்ஜ் செய்யவே கூடாது. அந்தக் குளிரில் லித்தியம் உள்ளே போய் உட்காராமல் மின்வாயின் மேல் உலோகமாகப் படிந்துவிடும், பேட்டரி கெடும். நல்ல பேட்டரியில் உள்ள மின்னணுக் காவல் பலகை தானே சார்ஜை நிறுத்திவிடும். ஆகவே வண்டிக்கு வெளியே, முன்பக்க இரும்புச் சட்டத்தில் ஈய பேட்டரி இருந்த இடத்திலேயே இதை மாட்டுவது தவறு. உள்ளே, நாம் இருக்கும் சூட்டிலேயே அதுவும் இருக்க வேண்டும்.

இரவுக்கு 121 வேண்டும் என்றோம். இரண்டு லித்தியம் பேட்டரி போட்டால் 200. இரவு தாண்டிவிட்டது. அடுத்த கேள்வி: காலியானதை மறுநாள் நிரப்புவது எப்படி? பகல் செலவையும் சேர்த்தால் ஒரு நாளைக்கு 170 ஆம்பியர் மணி, அதாவது ஏறத்தாழ 2,200 வாட் மணி வேண்டும். கூரையில் 400 வாட் பேனல் படுத்துக் கிடந்தால் ஜனவரி நாளில் ஆயிரத்துச் சொச்சம்தான் தரும். அதே பேனலைத் தெற்கு நோக்கிச் சாய்த்து நிறுத்தினால் ஒன்றரை மடங்குக்கு மேல் கிடைக்கும். 600 வாட்டைச் சாய்த்து வைத்தால் கணக்கு நேராகிவிடும். லா போசாவில் காலையில் ஏணி போட்டுக் கூரையேறி, பேனலின் ஒரு விளிம்பைத் தூக்கி, அலுமினியக் கால்களைத் திருகி நிறுத்துகிறவர்களைப் பார்க்கலாம். எழுபது வயதுக்காரருக்கு ஏணி ஒரு சோதனைதான். அதனால் சிலர் ஏணியே வேண்டாம் என்று இன்னும் இரண்டு பேனலைக் கூரையில் படுக்கப் போட்டுவிடுகிறார்கள். பேனல் மலிந்த இந்தக் காலத்தில் அதுவும் புத்திசாலித்தனம்தான். இடுப்பெலும்பு முறிந்தால் ஆகும் ஆஸ்பத்திரிச் செலவைவிட ஒரு பேனல் மலிவு.

நிழல் விஷயத்தில் மட்டும் யாரும் ஏமாந்துவிடக் கூடாது. பேனலுக்குள் செல்கள் ஒன்றையடுத்து ஒன்றாகத் தொடராக இணைந்திருக்கின்றன. கட்டட வேலையில் வரிசையாக நின்று செங்கல்லைக் கை மாற்றிக் கொடுப்பார்களே, நடுவில் ஒருவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றால் என்ன ஆகும்? வரிசையே நின்றுபோகும். கூரை ஏ.சி.யின் நிழலோ ஆன்டெனா கம்பியின் நிழலோ ஓரிரு செல்லின் மேல் விழுந்தால் பேனலின் மூன்றில் ஒரு பகுதி வேலை செய்யாது. மூன்றில் ஒன்றோடு போவதும்கூட நின்றுபோன வரிசையைச் சுற்றி வழிவிட உள்ளே வைத்திருக்கும் பைபாஸ் டயோடின் புண்ணியம்.

பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவே நிற்பது சார்ஜ் கன்ட்ரோலர். இதில் இரண்டு சாதி. மலிவான வகையை பி.டபிள்யூ.எம். என்பார்கள், அது பேனலின் வோல்ட்டை பேட்டரியின் வோல்ட்டுக்கு இழுத்துவிடும். 100 வாட் பேனல் 18 வோல்ட்டில் ஐந்தரை ஆம்பியர் தருவது. 13 வோல்ட்டுக்கு இழுத்தால் 71 வாட்தான் தேறும். மற்ற வகை எம்.பி.பி.டி.; மிகுதி வோல்ட்டை வீணாக்காமல் ஆம்பியராக மாற்றித் தரும். கூரையில் இடம் குறைவு, எனவே எம்.பி.பி.டி.க்குக் கூடக் கொடுப்பது வீண்செலவாகாது.

இனி இன்வெர்ட்டர். இங்கே ஒரு வேடிக்கை. வண்டிக்காரர்கள் எதைக் கண்டு பயப்படுகிறார்கள்? ஆயிரம் வாட் என்று எழுதியிருக்கும் காபி மெஷினைக் கண்டு. பத்து நிமிடம் ஓடினால் அது தின்பது 170 வாட் மணிக்குள். ஆனால் 2,000 வாட் இன்வெர்ட்டரை ஆன் செய்து எதையுமே சொருகாமல் விட்டால், சும்மா விழித்திருப்பதற்கே பலவற்றுக்கு 25 வாட் வேண்டும். 24 மணி நேரத்துக்கு 600 வாட் மணி. மூன்று தடவை காபி போட்டாலும் அவ்வளவு ஆகாது! உறுமுகிறவனைப் பார்த்து ஒதுங்குகிறோம், ஓசைப்படாமல் தின்கிறவனை வீட்டிலேயே வைத்திருக்கிறோம். படுக்கப் போகும்போது இன்வெர்ட்டரை அணைக்கும் பழக்கம் ஒரு பேனலுக்குச் சமம்.

அதே இன்வெர்ட்டர் முழு மூச்சில் ஓடும்போது 12 வோல்ட் பேட்டரியிலிருந்து ஏறத்தாழ 190 ஆம்பியர் இழுக்கும். நம் வீட்டு மெயின் வழியே வருவதைவிடப் பல மடங்கு. கட்டைவிரல் கனத்துக்கு கேபிள் வேண்டும். அதன் நுனியில் செப்பு லக்கைச் சுத்தியலால் தட்டி ஒப்பேற்றினால் போதாது. ஹைட்ராலிக் கருவியால் நசுக்கி இறுக்க வேண்டும். இறுக்கம் போதாத லக்கைத் தொட்டுப் பார்த்தாலே தெரியும்: மைக்ரோவேவ் இரண்டு நிமிடம் ஓடுவதற்குள் விரல் சுடும். அந்தச் சூடு பேட்டரியிலிருந்து போன காசு. கூடவே தீ விபத்தின் முன்னறிவிப்பு. பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ் வேண்டும் என்று அனுபவசாலிகள் அடித்துச் சொல்வது, கேபிள் எங்காவது ஷார்ட் ஆனாலும் தீ பிடிக்காமல் இருக்கத்தான். பெரிய வண்டிக்காரர்கள் சிலர் 24 அல்லது 48 வோல்ட்டுக்கே மாறிவிடுகிறார்கள். வோல்ட் இரட்டித்தால் ஆம்பியர் பாதி, அதே கேபிளில் வீணாகும் சூடு கால் பங்கு.

எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஈய பேட்டரிக் காலத்தில் வோல்ட்மீட்டர் ஓரளவு சொல்லிவிடும். லித்தியத்திடம் அந்தப் பாச்சா பலிக்காது. 70 விழுக்காட்டில் 13.2 வோல்ட், 30 விழுக்காட்டில் 13.0. எண்ணைப் பார்த்து நிம்மதியாக இருப்பவர் அடுத்த ஒரு மணி நேரத்தில் இருட்டில் இருப்பார். எனவே நெகட்டிவ் கம்பியில் ஷன்ட் என்ற கருவியை வைத்து, உள்ளே போன ஆம்பியரையும் வெளியே வந்த ஆம்பியரையும் ஒன்றுவிடாமல் எண்ண வேண்டும். நூறு டாலரைச் சுற்றி விலை. புதிதாக வருபவர் பேனலுக்கும் முன்னால் வாங்க வேண்டியது இதைத்தான். ஒரு வாரம் எண்ணிப் பார்த்தால், நாம் மேலே போட்ட 121 அவருக்கு 80ஆ, 160ஆ என்று தெரிந்துவிடும். அதற்கப்புறம் கடைக்காரர் எது சொன்னாலும் தலையாட்ட வேண்டியதில்லை.

எண்ணத் தொடங்கியவர்கள் எல்லோரும் விரைவில் ஒன்றைக் கண்டுகொள்கிறார்கள். வெளிச்சத்துக்கும் பேச்சுக்கும் படத்துக்கும் மின்சாரம் கொஞ்சம்தான் ஆகும். சூட்டுக்கும் குளிருக்கும்தான் கொள்ளை போகிறது. ஆகவே சூடு தரும் வேலையையெல்லாம் கேஸுக்குத் தள்ளிவிடுகிறார்கள். விசிறி வைத்த ஹீட்டரை நிறுத்திவிட்டு, விசிறியே இல்லாத கேஸ் ஹீட்டர் ஒன்றைச் சுவரில் மாட்டுகிறார்கள். ஜன்னலைச் சற்றுத் திறந்து வைத்து, கார்பன் மோனாக்சைடு அலாரமும் வைத்துக்கொள்கிறார்கள். ஒரே மாற்றத்தில் 40 ஆம்பியர் மணி மிச்சம். இரவுக் கணக்கில் மூன்றில் ஒரு பங்கு!

அப்படியானால் ஏ.சி.? எல்லோரும் கடைசியில் கேட்கும் கேள்வி இதுதான். கூரை ஏ.சி. ஓடும்போது ஏறத்தாழ 1,500 வாட். கலிபோர்னியாவில் நைலண்ட் அருகே ஸ்லாப் சிட்டி என்ற இடம் இருக்கிறது. இரண்டாம் உலகப் போர்க்காலக் கடற்படைக் காலாட்படை முகாம் கலைக்கப்பட்டு, காங்கிரீட் தளங்கள் மட்டும் மிஞ்சிய பாலைவனம். மின்சாரமோ தண்ணீரோ கிடையாது. கோடையில் 45 டிகிரியைத் தாண்டும். அங்கே பகல் எட்டு மணி நேரம் ஏ.சி. போட்டால், நின்று நின்று ஓடினாலும் 9,000 வாட் மணி ஆகும். ஏழு லித்தியம் பேட்டரி அளவு. அதை நிரப்ப மட்டும் 1,700 வாட்டுக்குக் குறையாத பேனல் வேண்டும். நடுத்தர டிரெய்லரின் கூரையில், விசிறித் துளைகளும் ஏ.சி. பெட்டியும் போக, ஆயிரம் வாட்டை ஏற்றுவதே பெரும்பாடு.

பணம் இருப்பவர்கள் செய்கிறார்கள், முடியாததில்லை. ஆனால் இந்த வீட்டுக்கு மற்ற வீடுகளுக்கு இல்லாத ஒன்று இருக்கிறதே! சக்கரம் இருக்கிறது. ஏப்ரல் முடிவதற்குள் லா போசாவிலிருந்து வண்டிகள் மலை நோக்கிப் புறப்பட்டுவிடும். அதே அரிசோனாவில் ஃபிளாக்ஸ்டாஃப் நகரம் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சுற்றிலும் கோகோனினோ தேசியக் காடு. பாலைவனம் கொதிக்கும் ஜூலையிலும் அங்கே இரவில் போர்வை வேண்டும். பேட்டரி வாங்கும் பணத்தில் டீசல் போட்டுக்கொண்டு நானூறு கிலோமீட்டர்கூட இல்லாத பயணம் போய்விடுவது மேல் என்பது அந்த ஆட்களின் முடிவு. சரியான முடிவு என்றே சொல்ல வேண்டும்.

மலையேறியதும் வேறொரு வம்பு காத்திருக்கிறது. அங்கே பகல் நீளம், வெயில் தலைக்கு மேல், ஆனால் சுற்றிலும் ஓங்கி வளர்ந்த பாண்டரோசா பைன் மரங்கள். வண்டியை நிழலில் நிறுத்தினால் உள்ளே குளுமை, கூரைப் பேனலுக்குப் பட்டினி. வெயிலில் நிறுத்தினால் பேனலுக்கு விருந்து, உள்ளே புழுக்கம். இதற்காகவே பலர் மடக்குப் பேனல் ஒன்றைக் கையோடு கொண்டுபோகிறார்கள். வண்டி மரத்தடியில் நிற்கும். பேனல் பத்து மீட்டர் தள்ளி, வெயில் விழும் திறந்த இடத்தில் நிற்கும். மெல்லிய கம்பியைப் போட்டு இழுத்தால் பாதி வழியிலேயே வோல்ட் கரைந்துவிடும் என்பதால் கனமான கம்பி வாங்க வேண்டும். சூரியன் நகர நகரப் பேனலையும் ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தடவை திருப்பி வைக்க வேண்டும். ஓய்வு பெற்ற மனிதருக்கு அதுவும் ஒரு வேலை.